முப்பத்தெட்டு மில்லிசெகண்ட்

ஜுரெமா என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. இன்டர்நெட் ஆபீஸில் இருக்கிறாள் என்பதோடு விட்டுவிடுவார்கள். எதிர்வீட்டுக் க்ரெய்சா அம்மாள் வீட்டில் வைஃபை நின்றுபோனால் ஜன்னலிலிருந்தே குரல் வரும்: "ஜுரெமா, உங்க ஆளுங்க மறுபடியும் புடுங்கிட்டாங்க பாரு." ஜுரெமா செருப்பை மாட்டிக்கொண்டு போவாள். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் நின்று, மறுபடி சொருகிவிட்டு வருவாள். க்ரெய்சா அம்மாள் கப்பில் ஊற்றித் தரும் காபியைக் குடிப்பாள். பெரிய படிப்புப் படித்தவள் செய்கிற வேலையா இது என்று அந்த அம்மாள் கேலி செய்வாள். அங்கேயும் இதுதான் வேலை என்று ஜுரெமா சொல்வாள். அது முழுப் பொய்யில்லை.

அவள் அப்பா பெலேம் நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தார். முந்நூற்றுப் பதினாறாம் எண் வண்டி, இருபத்திரண்டு வருடம் ஒரே தடம். "என் பொண்ணு டாக்டருக்குப் படிக்கிறா. ஊசி போடற டாக்டர் இல்ல, வேற டாக்டர்" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். நான்காம் வருடம் உதவித்தொகை முடிந்தது. ஆராய்ச்சியும் அதோடு நின்றது. அதே ஆய்வகத்தில் டெக்னீஷியன் இடம் காலியாக இருந்தது, சேர்ந்துகொண்டாள். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த வருடம் மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை வண்டியிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசி வரை அவருடைய மகள் டாக்டருக்குப் படித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதற்குப் பிறகு ஜுரெமாவுக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை. அழுகை வரவில்லை. பசி மட்டும் நேரத்துக்கு வந்தது. மதியம் கேன்டீனில் பொரித்த மீனையும் அசாய்ப் பழக் கூழையும் மரவள்ளி மாவு தூவிச் சாப்பிட்டாள். யாராவது சிரித்தால் சரியான இடத்தில் தானும் சிரித்தாள். பல் மருத்துவர் போட்ட ஊசிக்குப் பிறகு உதட்டைத் தொட்டுப் பார்ப்பது போல, சில சமயம் தன்னையே தொட்டுப் பார்ப்பாள். இருப்பது தெரியும். வலி தெரியாது.

வேலை இதுதான். ஆற்றோரப் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையின் பின்பக்கம் ஒரு குளிர்ந்த அறை. அதில் ஒரு ரேக், ரேக்கில் ஏழு ஸ்விட்ச்சுகள், கம்பிகளில் வரும் தகவலைப் பிரித்து அனுப்புகிற பெட்டிகள். இதே போல நாட்டின் வேறு பல்கலைக்கழகங்களிலும் ரேக்குகள் உண்டு. ஒவ்வொன்றையும் தீவு என்பார்கள். எல்லாத் தீவுகளும் ஒன்றோடொன்று இணைந்தவை. புதிதாக ஒரு நெட்வொர்க் யோசனை வைத்திருக்கிற மாணவர் யாரானாலும் விண்ணப்பம் போட்டு, இந்த ஏழில் ஒரு துண்டை முப்பது நாளுக்குக் கேட்கலாம். இந்த ஸ்விட்ச்சுகளுக்குச் சொந்த மூளை கிடையாது. எந்தப் பாக்கெட், அதாவது தகவல் பொட்டலம், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மாணவரின் புரோகிராம் எங்கோ உட்கார்ந்து விதி எழுதி அனுப்பும். ஸ்விட்ச் அதன்படி நடக்கும். ஒரே ரேக்கில் ஐந்து பேர் ஐந்து விதமாக விளையாடுவார்கள். ஒருவர் பாக்கெட் மற்றவர் கண்ணில் படாது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துப் பிரித்துவைப்பது ஜுரெமா. காலம் முடிந்ததும் அந்த எண்ணின் விதிகளையெல்லாம் அழித்து, காலியாக்கி, வரிசையில் அடுத்தவருக்குக் கொடுப்பதும் அவள்தான்.

நான்காவது ஸ்விட்ச்சுக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. அதை எல்லோரும் பிடிவாதக்காரி என்பார்கள். அழி என்று கட்டளை அனுப்பினால் சரி என்று பதில் வரும், ஆனால் அழிக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் எழுந்து குளிரறைக்குப் போக வேண்டும். பிளக்கைப் பிடுங்கி முப்பது வரை எண்ணிவிட்டுச் சொருக வேண்டும். பிறகு ஒரு துண்டு வெள்ளை டேப்பில் தேதியும் பெயரின் முதலெழுத்துகளும் எழுதி அதன் நெற்றியில் ஒட்ட வேண்டும். வேறு ஸ்விட்ச் வாங்கித் தரக் கேட்டு நான்கு வருடமாகிறது. இந்தத் தீவில் வேலை பார்த்த எல்லோரும் அந்த முப்பதை எண்ணியிருக்கிறார்கள்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கமான மதிய மழையில் கட்டடத்துக்கு மின்சாரம் போனது. யுபிஎஸ் எப்போதும் தாங்கும். அன்று பேட்டரி கைவிட்டது. ஏழு ஸ்விட்ச்சுகளும் ஒரு நிமிடம் செத்துப் பிழைத்தன. ஜுரெமா விளக்குகள் பச்சையானதைப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு ஓசியெலின் குரல்பதிவுகள் வரத் தொடங்கின.

ஓசியெல் ஆற்றுக்கு அக்கரையில், மகாபா நகரில் முதுகலை ஆய்வு செய்கிறவன். நேரில் பார்த்ததில்லை. முப்பது நாளைப் புதுப்பித்துப் புதுப்பித்து, ஏப்ரலும் மேயும் இந்தத் தீவில்தான் அளவெடுத்தான். ஒரு கம்பி அறுந்தால் அவன் புரோகிராம் பாக்கெட்டுகளுக்கு வேறு பாதை கண்டுபிடிக்க வேண்டும். அது எவ்வளவு வேகம் என்பதே கேள்வி. முப்பத்தெட்டு மில்லிசெகண்ட் என்று பதில் வந்திருந்தது. யாரும் எதிர்பார்க்காத வேகம். அதை வைத்து ஒரு கட்டுரை ஏற்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை அவனுடைய வாய்மொழித் தேர்வு. அது முடிந்தால் அவன் ஊர்த் தொழிற்கல்லூரியில் ஆசிரியர் இடம் காத்திருந்தது. அவன் பட்டம் வாங்குவதற்காகவே அந்த இடத்தை நிறுத்திவைத்திருந்தார்கள்.

முதல் பதிவில் சிரித்துக்கொண்டே பேசினான். தேர்வாளர் ஒருவர் இன்னொரு வரைபடம் கேட்டாராம், அதற்காக ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்தானாம். "அக்கா, உங்க தீவுக்கு என்னாச்சு? தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வருது. மழையில நனைஞ்சிருச்சா?" இரண்டாவதில் சிரிப்பு குறைந்திருந்தது. ஒன்பதாவதில் அவன் மெதுவாகப் பேசினான். ஒன்றும் புதிதாக வேண்டாம், போன மாதம் எப்படி இருந்ததோ அப்படியே வைத்துக் கொடுத்தால் போதும் என்றான்.

தினமும் விடியற்காலையில் ஒரு சின்னப் புரோகிராம் ஏழு ஸ்விட்ச்சுகளிலும் உள்ள விதிகளை நகலெடுத்துச் சேமிக்கும். அந்த நகல்களை யாரும் படிப்பதில்லை. ஜுரெமா அன்று காலை நகலையும் இப்போதைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள். ஆறு ஸ்விட்ச்சுகளில் வித்தியாசம் இல்லை; மின்சாரம் வந்ததும் அவரவர் புரோகிராம் தன் விதிகளை மறுபடி எழுதிவிட்டிருந்தது. பிடிவாதக்காரியில், காலையில் இருந்த பதினான்கு விதிகள் இப்போது இல்லை.

ஒவ்வொரு விதியிலும் எழுதியவர் தன் அடையாளத்துக்கு ஓர் எண் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பதினான்கிலும் ஒரே எண் இருந்தது. 316.

அதை எழுதியவள் அவள்தான். டாக்டர் பட்டத்துக்காக எழுதியது. கம்பி அறுந்தால் யாரையும் கேட்காமல் ஸ்விட்ச் தானே மாற்றுப் பாதைக்குத் தாவும்படி முன்கூட்டியே பதித்துவைத்த விதிகள். எண்ணுக்கு என்ன போடலாம் என்று யோசித்து அப்பாவின் வண்டி எண்ணைப் போட்டது நினைவிருந்தது.

பதிவேட்டில் தேதியைத் தேடினாள். மார்ச் இருபத்தொன்று, காலை பத்து நாற்பத்திரண்டு. அன்று மாலை அப்பாவுக்கு ஏழாம் நாள் பூசை. வீட்டில் உட்கார முடியாமல் காலையில் வேலைக்கு வந்திருந்தாள். வரிசையில் கிடந்த விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக முடித்தாள். அவற்றில் ஒன்று அவளுடைய பழைய துண்டைப் புதுப்பிக்கக் கேட்பது. யாரும் தொடாமலே அது புதுப்பிக்கப்பட்டு, அவள் பழைய புரோகிராமும் ஓடிக்கொண்டிருந்தது. அதை முடித்துவிடு என்று அழுத்தினாள். ஏழு ஸ்விட்ச்சிலிருந்தும் சரி என்று வந்தது. அந்தத் துண்டின் எண்ணையே வரிசையில் அடுத்து இருந்த ஓசியெலுக்குக் கொடுத்தாள். எழுந்து குளிரறைக்குப் போனாளா என்று யோசித்தாள். நினைவில் இல்லை. போய்ப் பார்த்தாள். பிடிவாதக்காரியின் நெற்றியில் கடைசி டேப் பிப்ரவரி ஒன்பது.

அவ்வளவுதான் நடந்தது. ஓசியெலின் பாக்கெட்டுகள் பிடிவாதக்காரிக்கு வந்தன. அவன் புரோகிராமைக் கேட்பதற்கு முன்னாலேயே அவளுடைய பழைய விதிகள் அவற்றை அனுப்பிவைத்தன. அவனுக்குத் தன் விதிகள் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுடையதை மறைத்துவைப்பதுதானே இந்த இடத்தின் ஏற்பாடு. தன் புரோகிராமிடம் அந்த ஸ்விட்ச் ஏன் ஒன்றுமே கேட்பதில்லை என்று அவனுக்கே வியப்பாக இருந்திருக்கிறது. அது எவ்வளவு பதறாமல் வேலை செய்கிறது என்று ஆய்வேட்டில் ஐந்து பக்கம் எழுதியிருந்தான். ஜுரெமா அதைப் படித்திருக்கிறாள்.

அவள் அளந்தபோது எழுபதுக்குக் குறைந்ததில்லை. அந்த வருடம் தீவு நெரிசலாக இருந்தது. மூன்று பேர் அதே கம்பியில் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஐம்பதுக்குக் கீழே வராவிட்டால் கட்டுரை இல்லை என்று புரொபசர் தார்சிசியோ சொல்லியிருந்தார். ஆளில்லாத ஏப்ரலில், அவள் கைவிட்ட பிறகு, அது முப்பத்தெட்டில் ஓடியிருக்கிறது. மகிழ்ச்சியா, கோபமா என்று உள்ளே பார்த்தாள். அறையில் விசிறிகளின் சத்தம் மட்டும் இருந்தது.

தார்சிசியோ அவளுக்கு வழிகாட்டியாக இருந்தவர். இப்போது தீவின் பொறுப்பாளர். கெட்டவர் இல்லை. அப்பாவின் அடக்கத்துக்கு மழையில் நனைந்துகொண்டு வந்தவர். தீவை இன்னும் மூன்று வருடம் நடத்த அனுமதி கேட்டு அவர் அனுப்பியிருந்த அறிக்கையின் முதல் பக்கத்தில் ஓசியெலின் முப்பத்தெட்டு இருந்தது. புதன்கிழமை காலை ஜுரெமா அவர் அறைக்குப் போனபோது ஓசியெலின் வழிகாட்டி ஏற்கெனவே போன் செய்திருந்தார்.

"நேத்து காலை வரைக்கும் ஓடுச்சுல்ல? அப்ப இருந்த மாதிரியே வச்சிடு" என்றார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். டேப்பைச் சொன்னாள், தேதியைச் சொன்னாள். அவர் அந்தத் தேதியைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்த விதியெல்லாம் யாரோடது?"

"என்னோடது சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கேட்டார், "அப்ப இது உன் ரிசல்ட்டுன்னு சொல்லப் போறியா?"

அவள் அப்படி நினைத்திருக்கவில்லை. அவர் கேட்ட பிறகு, நினைத்திருக்கவில்லையா என்று சந்தேகம் வந்தது. தெரியவில்லை என்று சொன்னாள்.

"நான் உன்னை எதையும் செய்யச் சொல்லல, ஜுரெமா. வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த ஸ்விட்ச் எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கட்டும்னுதான் சொல்றேன். மிச்சத்தை அப்புறம் பார்ப்போம். அந்தப் பையன் என்ன தப்பு பண்ணான்?"

அவன் ஒரு தப்பும் பண்ணவில்லை. அதுதான் சிக்கல். ஜுரெமா தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். பழைய நகலிலிருந்து பதினான்கு விதிகளையும் திரும்ப ஏற்றும் கட்டளையை அடித்தாள். ஒரே வரி. அழுத்தவில்லை. கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது.

அழுத்தினால் வெள்ளிக்கிழமை ஓசியெலுக்குப் பட்டம் கிடைக்கும். தொழிற்கல்லூரியில் வேலை கிடைக்கும். அறிக்கை நிற்கும், தீவு நிற்கும், அவள் வேலையும் நிற்கும். அழுத்தாமல் விட்டால் இவை எதுவும் இல்லை. எதற்காக அழுத்தாமல் இருக்கிறேன் என்று தன்னையே கேட்டாள். உண்மைக்காகவா? அது தன்னுடையது என்பதாலா? அவன் பெயரில் போவது பொறுக்கவில்லையா? ஒவ்வொன்றையும் எடுத்துத் தட்டிப் பார்த்தாள். எதிலும் சத்தம் வரவில்லை.

கடைசியில் அவளுக்குத் தோன்றியது ஒரு சின்ன விஷயம். இந்த முப்பத்தெட்டைப் படித்துவிட்டு இன்னொருவன் வருவான். அதே புரோகிராமை எடுத்து ஓட்டுவான். தொள்ளாயிரம் வரும். திருத்திப் பார்ப்பான், மறுபடி தொள்ளாயிரம் வரும். தனக்குத்தான் மூளை போதவில்லை என்று நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதோடு நான்கு வருடம் இருந்திருக்கிறாள்.

அடித்த வரியை அழித்துவிட்டு ஓசியெலைக் கூப்பிட்டாள்.

அவன் உற்சாகமாக எடுத்தான். "அக்கா, சரியாயிடுச்சுன்னு சொல்லுங்க. எங்கம்மா கேக் வேற சொல்லிட்டாங்க. 'மாஸ்டர் ஓசியெல்'னு எழுதச் சொல்லியிருக்காங்களாம், சர்க்கரையில."

அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். இழுக்கவில்லை, மன்னிப்பை முன்னால் வைக்கவில்லை. தன் குரல் ரயில் நேரம் அறிவிக்கிற பெண்ணின் குரல் போல இருப்பது அவளுக்கே கேட்டது. அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து போனது.

"அப்ப என் புரோகிராம்?"

"அதை யாரும் கேக்கவே இல்ல, தம்பி. பாக்கெட் வந்துச்சு, பழைய விதி அனுப்பிடுச்சு."

"அஞ்சு பக்கம் எழுதியிருக்கேன் அக்கா. அது ஏன் பதறாம இருக்குன்னு."

"படிச்சேன். நல்லா எழுதியிருந்த."

அவன் சிரித்தது போல ஒரு சத்தம் வந்தது. சிரிப்பில்லை.

"அந்த விதியெல்லாம் உங்ககிட்ட இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"திரும்பப் போட எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு நிமிஷம்கூட ஆகாது."

"நான் போடச் சொன்னா போடுவீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு இருக்குன்னு என்கிட்ட சொல்றீங்க?" என்றான். குரல் முதல்முறையாக உடைந்தது. "அது யாரோட விதி? எவன் அப்படியே விட்டுட்டுப் போனது?"

"என்னோடது. நான்தான் விட்டுட்டுப் போனேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. கால் மணி நேரம் கழித்து ஒரு குரல்பதிவு வந்தது, நாலு நிமிடம் பத்து வினாடி. அவள் அதைத் திறக்கவில்லை.

அன்று பிற்பகல் ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். தவறு எந்தத் தேதியில், எந்த நேரத்தில், யாரால் நடந்தது, ஏன் ஓசியெலால் அதைப் பார்த்திருக்க முடியாது என்று மட்டும் எழுதினாள். முந்நூற்றுப் பதினாறு யாருடையது என்பதும் அதில் ஒரு வரியாக இருந்தது. அதை மூன்று முறை சேர்த்து, மூன்று முறை எடுத்து, கடைசியில் விட்டுவைத்தாள். அப்பா இறந்ததை எழுதவில்லை. ஓசியெலுக்கும் அவன் வழிகாட்டிக்கும் தார்சிசியோவுக்கும் அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை தேர்வு நடக்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தொழிற்கல்லூரி ஆகஸ்ட் வரைதான் காத்திருக்கும் என்று சொன்னதாக அவன் வழிகாட்டி எழுதியிருந்தார். தார்சிசியோ திருத்திய அறிக்கையை அனுப்பினார். முதல் பக்கத்தில் இப்போது ஸ்விட்ச்சுகளின் எண்ணிக்கையும் மாணவர்களின் எண்ணிக்கையும் இருந்தன. அவர் ஜுரெமாவைத் திட்டவில்லை. வராந்தாவில் எதிரே வந்தால் காலை வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்து போனார். வேலை நீடிக்குமா என்பது டிசம்பரில்தான் தெரியும். க்ரெய்சா அம்மாள் மட்டும், "என்னடி, மூஞ்சி கழுவின தட்டு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். ஜுரெமா அவள் வைஃபையைச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

ஒன்பது நாள் கழித்து, வரிசையில் ஒரு புதிய விண்ணப்பம் கிடந்தது. பெயர் ஓசியெல். காலம் முப்பது நாள். நோக்கம் என்ற இடத்தில், மறுபடியும் அளக்க, என்று இருந்தது. இதுவரை கிடைத்த முடிவு என்று ஒரு கட்டம் உண்டு, எல்லோரும் அதைக் காலியாக விடுவார்கள். அவன் நிரப்பியிருந்தான்: தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்ட். என்னுடையது.

ஜுரெமா எழுந்து குளிரறைக்குப் போனாள். பிடிவாதக்காரியின் பின்னால் கைவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். ஏழு வந்தபோது மற்றொரு கையால் போனை எடுத்து, திறக்காமல் வைத்திருந்த அந்த நாலு நிமிடப் பதிவை ஓடவிட்டாள்.

அதில் அவன் அவளிடம் எதுவும் பேசியிருக்கவில்லை. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு மறந்துபோயிருக்கிறான், பிறகு கவனிக்காமல் அனுப்பியும் இருக்கிறான். முதலில் வெறும் மூச்சு. பிறகு கதவு திறக்கிற சத்தம். அவன் அம்மா என்னவென்று கேட்கிறாள், அவன் சொல்கிறான். அவளுக்கு ஸ்விட்ச்சும் புரியவில்லை, விதியும் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுக் கடைசியில், "சரி, அப்ப அந்த முப்பத்தெட்டு யாரோடதுடா?" என்றாள்.

"பெலேம்ல ஒரு அக்காவோடது."

"அவளுக்குத் தெரியுமா?"

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கேக்கை இனி வேண்டாமென்று சொல்ல முடியாது, பெயர் எழுதிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து தின்னலாம் என்றாள் அம்மா. பதிவு முடிந்தது.

பிளக் இன்னும் கையில் இருந்தது. எத்தனை எண்ணினோம் என்று தெரியவில்லை. முப்பதைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருக்கும். ஆனாலும் ஜுரெமா மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். உதடு அசைந்தது. இருபதைத் தாண்டும்போது விரல்கள் குளிர்ந்திருப்பது தெரிந்தது. முப்பது வந்ததும் சொருகினாள். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும்வரை நின்று, டேப்பைக் கிழித்து, தேதியையும் தன் முதலெழுத்துகளையும் எழுதி, பிப்ரவரிக்கு மேலே ஒட்டினாள்.